வாய் பார்க்கும் பிள்ளை

பிவண்டி,
8.6.2025

அன்புள்ள தங்கை பிரேமாவுக்கு,

அண்ணன் ரூபஸ் எழுதுகிறேன். தேவ கிருபையில் இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை. திருத்தணியில் நீயும் மாப்பிள்ளை இஸ்ரேலும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ பல தடவை போன் செய்திருப்பாய். என் போன் பழுதாகிவிட்டது. நன்றாக இருந்தாலும் தறி மெக்கானிக்குக்குப் போன் எதற்கு? ஷெட்டில் தறிகள் எல்லாம் ஒன்றாக ஓடும்போது யார் பேசினாலும் காதில் விழாது. இனிமேல் கடிதம் எழுது. நீ டீச்சர், எழுதுவது உனக்குச் சிரமமில்லை.

அம்மாவின் நினைவு ஜெபத்துக்கு நான் வரவில்லை என்று கோபமாக இருப்பாய். லீவு கிடைக்கவில்லை. உன் அண்ணி ஜெமிமா உயிரோடு இருந்திருந்தால் அவளாவது உன்னிடம் பேசிச் சமாதானம் சொல்லியிருப்பாள். மகள் ப்ளெஸ்ஸி பெங்களூரில் அவள் வீட்டுக்காரரோடு நன்றாக இருக்கிறாள்.

பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா? விவரமாக எழுது.

உன் அண்ணன்,
ரூபஸ்


திருத்தணி,
22.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் தங்கை பிரேமகுமாரி. தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்தபோது பயந்துவிட்டேன். இந்தக் காலத்தில் கையால் எழுதிய கடிதம் வந்தால் நல்ல செய்தி என்று யாருக்குத் தோன்றும்? படித்து முடித்த பிறகுதான் மூச்சு வந்தது. இங்கே நாங்கள் சுகம். தினமும் அரக்கோணம் ரயிலில் நின்றுகொண்டே போய் வருவதால் அவருக்கு மட்டும் முழங்கால் வலி.

போன் பழுதானால் கடையில் கொடுத்து வாங்கலாம். வாட்ஸ்அப்பில் ஒரு வரி தட்டலாம். நீதான் அந்தப் பட்டன் போனை விடமாட்டேன் என்கிறாய். உனக்கு என்மேல் ஏதோ மனத்தாங்கல். பிப்ரவரியில் அரக்கோணத்துக் கல்யாணத்துக்கு வந்து போனதிலிருந்து நீ பழைய அண்ணனாக இல்லை. அங்கே நடந்ததைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

பள்ளிக்கூடச் செய்தி சொல்கிறேன். சென்னையில் ஒரு கம்பெனிக்காரர்கள் எங்கள் மிஷன் பள்ளிக்கு டேப் கொடுத்திருக்கிறார்கள். கைக்கணினி என்று காகிதத்தில் எழுதியிருக்கிறது, பிள்ளைகளுக்கு அது டேப்தான். மூன்றாம் வகுப்புக்கு, அதாவது எனக்கு. பாதி வகுப்பு டேபில் படிக்கும்போது மீதிப் பிள்ளைகள் என்னிடம் இருப்பார்கள். பிறகு மாற்றிக்கொள்வோம்.

முதலில் எனக்குப் பிடிக்கவில்லை. இருபது வருஷமாகச் சாக்பீஸைப் பிடித்தவள் நான். விளையாட்டுச் சாமானைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள் என்று நினைத்தேன். இப்போது அப்படிச் சொல்லமாட்டேன். வகுத்தல் கணக்கை மூன்றாம் தடவை சொல்லும்போதே என் குரலில் எரிச்சல் வந்துவிடும். டேப் எத்தனை தடவை கேட்டாலும் முதல் தடவை சொன்ன மாதிரியே சொல்கிறது. தப்பாகப் போட்டால் சிவப்பாகக் காட்டும், அவ்வளவுதான். பக்கத்தில் இருப்பவன் சிரிப்பதில்லை. வேகமான பிள்ளை அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறது, மெதுவான பிள்ளை அதே இடத்தில் நின்று நிதானமாகப் பார்க்கிறது. போன வருஷம் வாயே திறக்காத பிள்ளைகள் கூட இப்போது "டீச்சர், நான் முட்ச்சிட்டேன்" என்று ஓடி வருகிறார்கள். எங்கள் தலைமையாசிரியர் சுந்தரமூர்த்தி சார் கதவருகே வந்து நின்று, "இன்னாம்மா, உங்க கிளாஸ்ல சத்தமே காணோம், புள்ளைங்கள வூட்டுக்கு அனுப்சிட்டீங்களா?" என்று கேட்டார்.

நேரத்துக்குச் சாப்பிடு. பதில் போடு.

உன் அன்புத் தங்கை,
பிரேமா


பிவண்டி,
6.7.2025

அன்புள்ள பிரேமா,

உன் கடிதம் கிடைத்தது. நான் சுகம். மாப்பிள்ளையின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

உன்மேல் எனக்கு எந்த மனத்தாங்கலும் இல்லை. அப்படி நினைத்துக்கொள்ளாதே.

டேபைப் பற்றி நீ எழுதியதை இரண்டு தடவை படித்தேன். நம் காலத்தில் இருந்திருந்தால் நானும் பத்தாவதைத் தாண்டியிருப்பேன், தறிக்கு வந்திருக்க மாட்டேன். ஒன்று கேட்கிறேன். அதில் பேசுகிற பேச்சு எழுத்தாகவும் வருமா? நாம் பேசினால் அது எழுதிக் காட்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இங்கே தறி ஓடும்போது நாங்கள் யாரும் காதை நம்புவதில்லை. ஒருவன் வாயை இன்னொருவன் பார்த்துத்தான் பேச்சு. முதலாளி சேட் அந்தக் கோடியில் நின்று திட்டினாலும், உதட்டைப் பார்த்தே என்ன திட்டு என்று சொல்லிவிடுவோம்.

மழை பிடித்துக்கொண்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ரூபஸ்


திருத்தணி,
20.7.2025

அன்புள்ள அண்ணா,

சுகமாக இருக்கிறாயா? இங்கே ஒத்தடத்தில் அவருக்குக் கொஞ்சம் தேவலை. உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

பேச்சை எழுத்தாக மாற்றும் வசதி அதில் இருக்கிறதாம், நான் பயன்படுத்தியதில்லை. உனக்கு ஏன் இந்தக் கேள்வி எல்லாம் தோன்றுகிறது?

என் வகுப்பில் ஒரு பெண் என் பொறுமையைச் சோதிக்கிறாள். மோகனப்ரியா என்று பெயர். மலையடிவாரத்தில் பூக்கடை வைத்திருக்கிற தேவகியின் மகள். இந்த வருஷம்தான் எங்கள் பள்ளியில் சேர்ந்தாள். கடைசி பெஞ்சு. நான் பாடம் நடத்தினால் என் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் போர்டு பக்கம் திரும்பினால் அவள் எழுதுவதும் நின்றுவிடும். கூப்பிட்டால் எழுந்திருக்க மாட்டாள். "பேப்பர எடுங்க" என்றால், பக்கத்தில் இருக்கிற சுஜாதா எடுத்த பிறகுதான் இவள் எடுப்பாள். "வாய் பாக்காத, வேலையப் பாரு" என்று எத்தனை தடவை சொல்வது!

போன வாரம் எழுப்பி, "உங்க ஊரு எது?" என்று கேட்டேன். "ஆங், சோறு துன்னுட்டேன் டீச்சர்" என்றாள். வகுப்பே உருண்டு சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சேர்ந்து சிரித்தாள், எதற்கு என்று தெரியாமலே.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? டேபில் மட்டும் அவள்தான் முதல். ஆனால் எழுத்தைப் படித்துப் பதில் தொடுகிற பாடங்களில்தான். கதையைக் கேட்டுப் பதில் சொல்லும் பாடத்தில் ஒன்றுகூடச் சரியில்லை. ஹெட்போனில் சத்தத்தை முழுசாக வைத்துக்கொண்டு வகுப்பு முழுவதும் கேட்கும்படி செய்கிறாள், அதற்கும் திட்டு வாங்கினாள். வாயால் கேட்டால் தெரியாத பிள்ளைக்கு டேபில் மட்டும் எப்படித் தெரியும்? சுஜாதாவைப் பார்த்துக் காப்பி அடிக்கிறாள். எனக்குச் சந்தேகமே இல்லை.

நீ என்ன நினைக்கிறாய்? சீக்கிரம் எழுது.

அன்புடன்,
பிரேமா


திருத்தணி,
19.8.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன்னிடமிருந்து பதிலே இல்லை. உடம்பு சரியில்லையா? கடிதம் கிடைக்கவில்லையோ என்று இன்னொன்று எழுதுகிறேன்.

இங்கே ஆடிக் கிருத்திகைக் கூட்டம் இப்போதுதான் வடிந்திருக்கிறது. காவடிக்காரர்களும் மொட்டைத் தலைகளுமாகப் பஸ் ஸ்டாண்டு வரை நடக்க இடமில்லை.

அதற்கு முந்தின வாரம் டேப் கொடுத்த கம்பெனிக்காரர்கள் வகுப்பைப் பார்க்க வந்தார்கள். மார்க்கில் முதலில் இருப்பது மோகனப்ரியா என்று பார்த்துவிட்டு, ஒரு அம்மா அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, "இதுல உனக்கு எது ரொம்பப் பிடிக்கும்?" என்று கேட்டார். அவர் முகக்கவசம் போட்டிருந்தார், சளியாம். இந்தப் பெண் திருதிருவென்று விழித்தாள். மறுபடி கேட்டார். "எட்டு வயசு" என்றாள். சுந்தரமூர்த்தி சார் முகம் சுண்டிப்போய்விட்டது. எனக்கு அங்கேயே பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. மார்க்கெல்லாம் நாங்களே போட்டுக் காட்டியதாக அவர்கள் நினைத்திருக்க மாட்டார்களா?

அவர்கள் போன பிறகு, வகுப்பில் எல்லோர் முன்பும் அவளிடமிருந்து டேபை வாங்கிவிட்டேன். காப்பி அடித்து மார்க் வாங்குகிறவளுக்கு இது எதற்கு என்று கொஞ்சம் கண்டித்தேன். டேபை இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன். அவ்வளவுதான்.

மறுநாளிலிருந்து அவள் வரவில்லை. கிருத்திகைக்குப் பூக்கடையில் வேலை இருந்திருக்கும்.

நீ எழுதினால்தான் எனக்கு நிம்மதி.

பிரேமா


பிவண்டி,
26.8.2025

அன்புள்ள பிரேமா,

இரண்டு கடிதங்களும் கிடைத்தன. முதல் கடிதம் ஜூலையிலேயே வந்துவிட்டது. காய்ச்சலில் இருந்தேன், எழுத முடியவில்லை. இப்போது பரவாயில்லை.

அந்தப் பெண்ணைத் திட்டாதே. பள்ளிக்குக் கூட்டிக்கொண்டு வந்து முன் பெஞ்சில் உட்கார வை. அவளிடமிருந்து வாங்கிய டேபைத் திரும்பக் கொடுத்துவிடு.

வேலை அதிகம். மற்றவை பிறகு.

ரூபஸ்


திருத்தணி,
7.9.2025

அண்ணனுக்கு,

நலம், நலமறிய ஆவல்.

கேட்டதற்கு நாலு வரியில் உத்தரவு போட்டிருக்கிறாய். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பு நடத்துவது நானா, நீயா? முன் பெஞ்சில் உட்கார வைக்க முதலில் அவள் வர வேண்டும். இன்னும் வரவில்லை. "கடைல ஒத்தாசைக்கு வெச்சிகினேன் டீச்சர்" என்று தேவகி பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாள். அவள் உட்கார்ந்த இடம் காலியாகக் கிடக்கிறது. எனக்கு என்னவோ போல இருக்கிறது, அந்தப் பக்கம் பார்ப்பதில்லை.

எழுத வேண்டாம் என்றிருந்தேன், எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிற நிலையிலா நீ இருக்கிறாய்? அரக்கோணத்துக் கல்யாணத்தில் எஸ்தர் அத்தை உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மாமா பூட்டாருப்பா, ரூபஸு" என்று அழுதார். நீ பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம் அத்தை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றாய். மாமா இறந்ததை நான் முன்பே போனில் சொல்லியிருந்தேன். "ஆங், ஆங்" என்று கேட்டுக்கொண்டவன்தானே நீ? பந்தியே உன்னைத் திரும்பிப் பார்த்தது. பகலிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று என் காதுபடப் பேசினார்கள். எஸ்தர் அத்தை இன்றுவரை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நான் சர்ச்சில் அவர் பக்கத்தில் உட்காரக் கூசுகிறேன்.

அண்ணி போன துக்கத்தில் குடிக்க ஆரம்பித்தாய் என்றால் அதையாவது சொல். ஒளிக்காதே.

பிரேமகுமாரி


பிவண்டி,
14.9.2025

என் அன்புத் தங்கைக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உடனே எழுதுகிறேன். தள்ளிப்போட்டால் மறுபடி எழுதாமல் விட்டுவிடுவேன்.

நான் குடிக்கவில்லை, பிரேமா. எனக்குக் காது கேட்கவில்லை.

எப்போது ஆரம்பித்தது என்று தெரியாது. தறிச் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்பதால் எனக்குக் கேட்காதது எனக்கே தெரியாமல் இருந்தது. ஜெமிமா இருந்தவரை கூப்பிடாமல் தோளைத் தொடுவாள். அவளுக்குத் தெரிந்திருக்கும், சொல்லவில்லை. அவள் போன பிறகுதான் வெளியே எனக்கு எதுவும் விளங்கவில்லை என்று தெரிந்தது. ஷெட்டில் நான் மற்றவர்களைப் போலத்தான். டீக்கடையில்தான் செவிடன். கடைக்காரன் இரண்டு தடவை கேட்டுவிட்டு, பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சிரிப்பான். அதனால் யார் எது சொன்னாலும் சிரித்துத் தலையாட்டப் பழகிக்கொண்டேன். பத்துக்கு எட்டு தடவை அது சரியாகப் போய்விடும். என் போன் பழுதாகவில்லை. நீ பேசுவது இரைச்சலாக மட்டும் கேட்கும், நான் "ஆங், ஆங்" என்பேன். மாமா இறந்த செய்தியையும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன்.

கல்யாணத்தில் அத்தை புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு பேசினார். உதடு தெரியவில்லை. பக்கத்தில் பேண்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் நல்ல செய்திதானே சொல்வார் என்று நினைத்தேன். நான் சொன்ன பிறகு அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஏதோ தப்பாகிவிட்டது என்று தெரிந்தது, என்ன என்று யாரைக் கேட்பது? இத்தனை மாதம் கழித்து, உன் கடிதத்தைப் படித்துத்தான் நான் அன்றைக்குச் சொன்னது என்ன என்று எனக்குத் தெரிகிறது. குடிகாரன் என்று நினைத்தார்களே, ஒரு விதத்தில் நல்லது என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. செவிடன் என்பதைவிட அது தேவலை என்று. என் புத்தி அந்த அளவுக்குப் போயிருக்கிறது.

இதைவிடப் பெரிய வெட்கம் ஒன்று இருக்கிறது. உன் ஜூலைக் கடிதத்தில் "சோறு துன்னுட்டேன்" என்ற இடத்தைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை வாய் பார்ப்பது சோம்பேறித்தனத்தால் இல்லை. உன் உதட்டைப் பார்த்துத்தான் அவள் பாடம் படிக்கிறாள். நீ போர்டு பக்கம் திரும்பினால் அவளுக்கு எல்லாம் அணைந்துவிடுகிறது. டேபில் எழுத்து இருக்கிறது, அதனால்தான் அங்கே முதலாக நிற்கிறாள். அவள் காப்பி அடிக்கவில்லை.

காய்ச்சல் என்று எழுதியது பொய். உனக்குப் பதில் எழுதிக் கிழித்துப் போட்டேன், எழுதிக் கிழித்துப் போட்டேன். உனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டால் என்ன சொல்வேன் என்று பயந்தேன். நான் அப்போதே எழுதியிருந்தால், கம்பெனிக்காரர்கள் வந்த அன்றைக்கு நீ அந்தப் பிள்ளையை அவமானப்படுத்தியிருக்க மாட்டாய். என் மானத்தைக் காப்பாற்ற ஒரு சின்னப் பிள்ளையை மாட்டிவிட்டேன்.

நீ அவளைப் போய்ப் பார். பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்.

ப்ளெஸ்ஸிக்கு இது தெரியாது.

உன் அண்ணன்,
ரூபஸ்


திருத்தணி,
5.10.2025

அன்புள்ள அண்ணா,

உன்னைக் குடிகாரன் என்று நினைத்துக்கொண்டு உனக்காக ஜெபம் வேறு செய்துகொண்டிருந்தேன். என்னை மன்னித்துவிடு. அதைப் பிறகு எழுதுகிறேன். மோகனப்ரியாவைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை மலையடிவாரத்துக்குப் போனேன். ஒரு டேபையும் எடுத்துக்கொண்டேன். கடையில் அவள் ரோட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாமந்தி ஆய்ந்துகொண்டிருந்தாள். "மோகனா" என்று கூப்பிட்டேன். இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். பக்கத்துத் தேங்காய்க் கடைக்காரர் திரும்பினார். மலை பஸ் ஒன்று பின்னால் வந்து ஹாரன் அடித்தது, நான் துள்ளி ஒதுங்கினேன். அவள் பூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் நிழல் கூடையில் விழுந்த பிறகுதான் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து தேவகிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

தேவகியிடம் காதைப் பற்றிக் கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"மூணு வயசுல காதுல சீழு வந்துகினே இருந்துச்சு டீச்சர். எண்ணெ காய்ச்சி ஊத்துனோம், நின்னுச்சு. அப்பால கூப்ட்டா திரும்ப மாட்டா. பொட்டப் புள்ள, செவுடுன்னு பேரு வெச்சிட்டா நாளைக்கு யாரு கட்டிக்குவாங்க? அதான் வாயத் தொறக்கல. ஸ்கூல்ல சேக்கும்போதும் சொல்லல. எல்லாம் என் தப்புதாங்க."

அவள் தப்பு என்று அவள் சொன்னபோது நான் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன், அண்ணா. அத்தோடு முடிந்தால் நல்லது என்று இருந்தது. அவளாகவே மேலே பேசினாள்.

"அன்னிக்கி வேற ஸ்கூல் படில வுழுந்து கன்னமெல்லாம் வீங்கி வந்துச்சு. அதுலேந்து போக மாட்டேன்னு அடம்."

பள்ளியில் அவள் படியில் விழவில்லை. உனக்கு நான் எழுதாமல் விட்டது அதுதான். டேபை நான் பிடுங்கியபோது அவள் விடவில்லை, இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். எல்லோர் முன்பும் ஓங்கி அறைந்தேன். காதோடு சேர்த்து. அந்தப் பிள்ளை அதை வீட்டில் சொல்லவில்லை. காப்பி அடித்ததாகப் பேர் வாங்கியதை அம்மாவிடம் சொல்ல வெட்கப்பட்டிருப்பாள்.

தேவகியிடம் சொன்னேன். "விழல தேவகி. நான்தான் அட்ச்சேன்." அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். பூ கட்டிக்கொண்டிருந்த கை நின்றது. "இன்னொரு தபா அடிக்காதீங்க டீச்சர்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மோகனப்ரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, டேபில், "டீச்சரை மன்னித்துவிடு. உனக்குக் காது கேட்காதது எனக்குத் தெரியாது" என்று எழுதிக் காட்டினேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு டேபைத் தன் மடிக்கு இழுத்து மெதுவாகத் தட்டினாள். "நான் காப்பி அடிக்கல டீச்சர்." அதை மட்டும் எழுதிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

மூவரும் ரயிலேறிச் சென்னையில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். இரண்டு காதிலும் ஜவ்வு ஓட்டையாம். பிற்பாடு ஆபரேஷன் செய்யலாம், அதுவரை மெஷின் வைத்தால் கேட்கும் என்றார் டாக்டர். "ஸ்கூல்ல யாரும் கவனிக்கலையாம்மா?" என்று தேவகியிடம் கேட்டார். தேவகி என்னைக் காட்டி, "இவங்கதான் டீச்சருங்க. இவங்கதான் கண்டுபுடிச்சி கூட்டினு வந்தாங்க" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்து, உங்களை மாதிரி டீச்சர் கிடைப்பது அபூர்வம் என்றார். நான் மறுக்கவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள், அண்ணா.

பிரேமா


பிவண்டி,
19.10.2025

அன்புள்ள பிரேமா,

சுகம். உன் கடிதத்தைப் படித்த அன்று வேலைக்குப் போகவில்லை.

நீ அடித்தது தப்பு. அந்த அடியில் பாதி என்னுடையது. நான் வாயை மூடிக்கொண்டிருந்த நாட்களில்தான் அது விழுந்தது.

ப்ளெஸ்ஸிக்கு எழுதிவிட்டேன். கடிதம் கிடைத்ததும் புறப்பட்டு வந்துவிட்டாள். வந்து நின்று ஏதோ பேசினாள். வழக்கம்போல் சிரித்துத் தலையாட்டப் போனேன். அவள் ஒரு தாளில், "நைனா, ஏன் எங்கிட்ட சொல்லல?" என்று எழுதி என் முன்னால் வைத்தாள். அப்பனும் மகளும் அழுதோம். பக்கத்தில் கல்யாண் என்ற ஊரில் டாக்டரிடம் கூட்டிப்போனாள். நரம்பு போய்விட்டதாம், தறிச் சத்தத்தால். மெஷின் வைத்தாலும் பாதிதான் கேட்கும் என்கிறார். ப்ளெஸ்ஸி ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறாள்.

சேட்டிடம் இன்னும் சொல்லவில்லை. அதற்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அந்தப் பிள்ளை பள்ளிக்கு வந்தாளா? அதை மட்டும் எழுது.

ரூபஸ்


திருத்தணி,
16.11.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் சுகம். மெஷின் பழகிவிட்டதா? முதலில் தலைவலி வரும் என்றார்கள், கழற்றி வைத்துவிடாதே.

மோகனப்ரியா வருகிறாள். முன் பெஞ்சில் உட்கார்கிறாள். இரண்டு காதிலும் மெஷின். அவள் டேபை அவளுக்கே திரும்பக் கொடுத்துவிட்டேன். நீ கேட்டாயே, பேச்சு எழுத்தாக வருமா என்று. வருகிறது. என் போனிலிருந்து நெட் கொடுத்து, நான் பாடம் நடத்தும்போது அவள் டேபில் ஓடவிடுகிறேன். நான் போர்டு பக்கம் திரும்பினாலும் அவளுக்குப் பாடம் நிற்பதில்லை. சில சமயம் அது கோணலாக எழுதும். "கூட்டல்" என்று சொன்னேன், "கூண்டில்" என்று போட்டது. அவள் எழுந்து, "டீச்சர், கூண்டுல யாரு?" என்றாள். வகுப்பு சிரித்தது. இந்தத் தடவை எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் வந்த முதல் நாளே, அவளுக்கு எதிரே நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "மோகனப்ரியா காப்பி அடிக்கல. நான்தான் தப்பா பேர் வெச்சேன். அடிச்சதும் தப்பு." சுஜாதா கையைத் தூக்கி, "அப்போ நீங்க முட்டி போடுவீங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

சுந்தரமூர்த்தி சார் மோகனப்ரியாவின் போட்டோவோடு கம்பெனிக்கு எழுதலாம் என்றார். டேப் இல்லாவிட்டால் இந்தப் பிள்ளை கெட்டிக்காரி என்பதே தெரிந்திருக்காது, இதைவிட நல்ல பயன் என்ன வேண்டும் என்றார். அது உண்மைதான். டேப் முதல் மாதத்திலேயே அவளைப் பற்றிச் சரியாகச் சொல்லிவிட்டது, நான்தான் நம்பவில்லை என்றேன். அறைந்ததையும் சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அத ஏம்மா இப்ப கிளறிகினு" என்றார். போட்டோவைப் பற்றி அப்புறம் பேசவில்லை. எஸ்தர் அத்தையிடமும் போய் உன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்க் காபி போட்டுக் கொடுத்தார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. மோகனப்ரியா படிக்கிறாள், சிரிக்கிறாள், மற்றப் பிள்ளைகளோடு சண்டைகூடப் போடுகிறாள். ஆனால் அவள் நோட்டைத் திருத்த நான் கையை நீட்டினால், அவள் தலை தானாக ஒரு பக்கம் சாய்கிறது. அவளுக்கே தெரியாமல் சாய்கிறது. அடுத்த நொடியில் நேராக்கிக்கொள்கிறாள், நான் பார்த்துவிட்டேனோ என்று என்னைப் பார்க்கிறாள். இப்போதெல்லாம் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துக்கொண்டுதான் அவளிடம் பேசுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வருவாயா? வா, அண்ணா.

உன் தங்கை,
பிரேமா


பிவண்டி,
7.12.2025

அன்புள்ள பிரேமா,

உன் கடிதம் வந்தது. சுகம். மெஷின் பழகவில்லை, தறிச் சத்தம் மண்டைக்குள் ஓடுகிறது. ஷெட்டில் கழற்றி வைக்கிறேன், வெளியே போட்டுக்கொள்கிறேன். டீக்கடைக்காரன் பார்த்தான். பார்க்கட்டும்.

சேட்டிடம் சொல்லிவிட்டேன். வேலை இருக்கும் என்று சொன்னதாகத்தான் எனக்குப் பட்டது. நம்பாமல், எழுதித் தரச் சொல்லி வாங்கிப் படித்தேன். இருக்கும் என்றுதான் எழுதியிருந்தான்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். கல்யாண் ஸ்டேஷனில் ஏறி அரக்கோணத்தில் இறங்குவேன், மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு அலைய வைக்காதே, முழங்காலோடு நிற்க வேண்டாம். நீ வா. நான் இறங்கியதும் பின்னாலிருந்து கூப்பிடாதே. எதிரே வந்து நில். வாயைப் புடவையால் மூடிக்கொண்டு அழாதே. எஸ்தர் அத்தை வீட்டுக்கும் கூட்டிப் போ. அவர் என்ன திட்டினாலும் சரி. எனக்குக் கேட்கவில்லை என்றால், இந்தத் தடவை தலையாட்ட மாட்டேன். கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பேன்.

உன் அண்ணன்,
ரூபஸ்